காத்தாடியை விடுங்க, நங்கூரத்தைப் பாருங்க

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. மண்ணு, சேறு, சங்கிலின்னு போகும். மசாலா தேடி வந்த மக்கள் இப்பவே பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்துக்கலாம் :-)

தமிழ்நாட்டுக் கடல்ல காற்றாலை வரப் போகுதுன்னு பத்து வருஷத்துக்கு மேல பேசிக்கிட்டிருக்கோம். 2015-ல் தேசியக் கடல்சார் காற்றாலைக் கொள்கை வந்துச்சு. 2023 டிசம்பர்ல கடல் படுகையைக் குத்தகைக்கு விடறதுக்கான விதிகள் வந்துச்சு. 2024 பிப்ரவரியில நம்ம கடல்ல 4,000 மெகாவாட்டுக்கு இடம் குத்தகைக்கு விட டெண்டர் போட்டு, 2025-ல் அதை ரத்தும் பண்ணியாச்சு. நடுவுல 2024 ஜூன்ல மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத் பக்கம் 500 மெகாவாட், நம்ம பக்கம் 500 மெகாவாட். அதுல 600 கோடி துறைமுகங்களைத் தயார் பண்றதுக்கு.

இதைப் பத்தி எழுதறவங்க எல்லாம் ரெண்டே விஷயத்தைத்தான் பேசறாங்க. ஒண்ணு, காத்தாடி எவ்வளவு உயரம். ரெண்டு, யூனிட் என்ன விலை. மூணாவதா ஒரு கேள்வி இருக்கு: அதை எதுல கட்டப் போறீங்க? நாளைக்கு ஆழ்கடல்ல மிதக்கிற காற்றாலைகள் வரும்போது, ஜெயிக்கிறதும் தோக்கிறதும் மேல சுத்தற இறக்கையில இல்லை, கீழே கண்ணுக்குத் தெரியாம புதைஞ்சு கிடக்கிற நங்கூரத்துலதான். நங்கூரம்னா இரும்பு மட்டும் இல்லை, அதைப் பிடிச்சிருக்கிற மண்ணும் சேர்ந்ததுதான். அந்த மண்ணைப் பத்தின தகவல் ஊருக்கே தெரியணும். முன்னாடி தோத்த கதைகளும் தெரியணும். என் கட்சி இதுதான். இனி மேட்டருக்கு வருவோம்.

கூக்கால்காரனுக்குக் கடலைப் பத்தி என்ன பேச்சுன்னு நக்கல் பண்ணாதீங்க. கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை தாண்டிப் போனா வர்ற ஊரு, கடல் மட்டத்துக்கு ஆறாயிரம் அடி மேல. பூண்டும் உருளைக்கிழங்கும் அடுக்கு அடுக்கா வெட்டின வயலும்தான் எங்களுக்குத் தெரிஞ்ச உலகம். நான் படிச்சது சிவில், பொழைக்கிறது ஜாவா. ஆனா மலைச்சரிவுல விவசாயம் பண்றவன் வீட்டுல பொறந்தவனுக்கு ஒரு விஷயம் சொல்லித் தரவே வேண்டாம்: மண்ணு பிடிச்சா பிடிச்சது, விட்டா போச்சு.

*

முதல்ல, எதுக்கு மிதக்க விடணும்?

அந்த 500 மெகாவாட் திட்டம் மிதக்கிற வகை இல்லை. ஆழம் குறைஞ்ச இடத்துல கடல் தரையில பெரிய இரும்புக் குழாயை அடிச்சு இறக்கி, அது மேல காற்றாலையை நிறுத்தறது. உலகத்துல இன்னைக்கு இருக்கிற கடல் காற்றாலைகள்ல பெரும்பாலானவை இந்த ரகம்தான். ஆனா சுமார் 50, 60 மீட்டர் ஆழத்தைத் தாண்டினா இந்தக் கணக்கு கட்டுப்படி ஆகாது. கால் நீளமாக நீளமாக இரும்புச் செலவு எகிறும். அதுக்கப்புறம் ஒரே வழி, காற்றாலையை ஒரு மிதவை மேல ஏத்தி, மிதவையைக் கடலடியில கட்டிப் போடறது.

நம்ம தென்கோடியில கடல் எவ்வளவு சீக்கிரம் ஆழமாகும்னு தெரியுமா? தூத்துக்குடி கரையில இருந்து சில பத்து கிலோமீட்டர் போனாலே ஆயிரம் மீட்டர் ஆழம் வந்துடும். ஆக, ஆழம் குறைஞ்ச இடம் நமக்கு அளவாத்தான் இருக்கு. அதுலயும் மீனவர்கள் இருக்காங்க, மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் இருக்கு, கப்பல் பாதை இருக்கு. 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டுல ஆரம்பிச்சு முப்பந்தல் வரைக்கும் நிலத்துல காத்தைப் பிடிச்ச மாநிலம் இது. கடல்ல பெருசா போகணும்னா என்னைக்காவது ஒரு நாள் மிதந்துதான் ஆகணும்.

*

மிதக்கிறதைக் கட்டிப் போடறதுல என்ன கஷ்டம்? கப்பல்காரன் காலங்காலமா பண்றதுதானேன்னு தோணும்.

கப்பல் நங்கூரம் போடறது சில நாளைக்கு. புயல் வந்தா நங்கூரத்தைத் தூக்கிக்கிட்டு ஓடிடலாம். காற்றாலை எங்க ஓடும்? இருபது, இருபத்தஞ்சு வருஷம் அதே இடத்துல நின்னு எல்லாத்தையும் வாங்கணும். ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற புயலைத் தாங்கற மாதிரி கணக்குப் போடணும்.

அதை விட முக்கியமான எதிரி புயல் இல்லை, தினசரி அலை. மாட்டைக் கட்டற முளைக்குச்சியைப் பாருங்க. ஒரே இழுப்புல மாடு முளையைப் பிடுங்கறது அபூர்வம். ராத்திரி பூரா இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்புன்னு சுத்தி வரும். முளையைச் சுத்தி மண்ணு மெல்லத் தளரும். விடியக்காலையில ஒரு சின்ன இழுப்புக்கே முளை கையோட வந்துடும்.

கடல்ல அதே கதைதான். பத்து விநாடிக்கு ஒரு அலைன்னு வெச்சா ஒரு நாளைக்கு 8,640 இழுப்பு. இருபத்தஞ்சு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 7.9 கோடி இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் நங்கூரத்தைச் சுத்தியுள்ள மணல்ல இருக்கிற தண்ணியோட அழுத்தம் கொஞ்சம் கூடும். அது வடியறதுக்குள்ள அடுத்த இழுப்பு வந்தா அழுத்தம் சேர்ந்துக்கிட்டே போகும். ஒரு கட்டத்துல மணல் மணலா இருக்காது, கஞ்சி மாதிரி ஆயிடும். களிமண்ணா இருந்தா திரும்பத் திரும்பப் பிசைஞ்ச மாவு மாதிரி இளகிப் போகும். அதனால டிசைன் பண்றவங்க "அதிகபட்ச இழுப்பு எவ்வளவு"ன்னு மட்டும் கேட்டா போதாது. "இத்தனை கோடி இழுப்புக்கு அப்புறம் இந்த மண்ணுல என்ன பலம் மிச்சம் இருக்கும்"னு கேக்கணும். ரெண்டாவது கேள்விக்குப் பதில் புத்தகத்துல இல்லை. அந்த இடத்து மண்ணுலதான் இருக்கு.

*

சரி, நங்கூரத்துல என்னென்ன வகை? சுருக்கமா ஒரு ரவுண்டு.

எடைக்கல். பெரிய கான்கிரீட் கட்டையைப் போட்டுட்டு வர்றது. எளிமை, ஆனா ஏமாத்தும். நூறு டன் கான்கிரீட் தண்ணிக்குள்ள போனா மிதப்பு விசையால சுமார் 57 டன்தான். உராய்வுல அதுல பாதி, கிட்டத்தட்ட 29 டன் இழுப்பைத்தான் தாங்கும். புயல்ல ஒரு சங்கிலியில பல நூறு டன் இழுப்பு வரலாம். 500 டன்னைத் தாங்கணும்னா ஆயிரத்து எழுநூறு டன் கான்கிரீட்டைக் கடல்ல இறக்கணும். அதுவும் ஒரு சங்கிலிக்கு.

கலப்பை நங்கூரம். இழுக்க இழுக்க மண்ணுக்குள்ள உழுதுகிட்டு இறங்கும். நல்ல களிமண்ணுல தன் எடையைப் போல இருபது, முப்பது மடங்கு கூடப் பிடிக்கும். போர்ச்சுகல் பக்கத்துல 2020-ல் முழுசா ஓட ஆரம்பிச்ச விண்ட்ஃப்ளோட் அட்லாண்டிக்ல இந்த வகைதான். ஆனா இது ஒரு பக்க இழுப்புக்குத்தான் சரி, மேல் நோக்கி இழுத்தா பொதுவா பிடுங்கிக்கும். அடியில பாறை இருந்தா உழவே முடியாது.

அடிச்சு இறக்கற தூண். எல்லாப் பக்க இழுப்பையும் தாங்கும். ஆனா சுத்தியல் அடிக்கிற சத்தம் கடலுக்குள்ள பல கிலோமீட்டர் போகும். நம்ம பக்கம் ஆவுளியா வாழற கடல். 2022-ல் பாக் விரிகுடாவுல அதுக்குன்னே 448 சதுர கிலோமீட்டருக்குக் காப்பகம் அறிவிச்சிருக்கோம். பக்கத்துல நின்னு சுத்தியல் அடிக்கிறதுன்னா யோசிக்கணும்.

உறிஞ்சு நங்கூரம். எனக்குப் பிடிச்சது இதுதான். ஒரு பெரிய இரும்பு டம்ளரைக் கவுத்துக் கடல் தரையில வைக்கிறாங்க. தன் எடையால கொஞ்சம் இறங்கும். அப்புறம் உள்ளே இருக்கிற தண்ணியை பம்ப் வெச்சு வெளியே எடுக்கறாங்க. உள்ளே அழுத்தம் குறைய, வெளியே இருக்கிற கடலே டம்ளரை அமுக்கி மண்ணுக்குள்ள இறக்கிடும். ஐந்து மீட்டர் விட்டமுள்ள மூடிக்கு, ஒரே ஒரு வளிமண்டல அழுத்தம் வித்தியாசம் இருந்தாலே 200 டன் எடையை மேல ஏத்தி வெச்ச மாதிரி. சுத்தியல் இல்லை, பெரிய சத்தம் இல்லை. எடுக்கணும்னா தண்ணியைத் திரும்ப உள்ளே அடிச்சா மேல வந்துடும்.

2017-ல் ஸ்காட்லாந்து பக்கத்துல ஆரம்பிச்ச ஹைவிண்ட், உலகத்தின் முதல் மிதக்கும் காற்றாலைப் பண்ணை. ஐந்து காற்றாலை, மொத்தம் 30 மெகாவாட், சுமார் நூறு மீட்டர் ஆழம். ஒவ்வொண்ணுக்கும் மூணுன்னு பதினைஞ்சு உறிஞ்சு நங்கூரம். ஒவ்வொரு நங்கூரமும் 5 மீட்டர் விட்டம், 16 மீட்டர் உயரம். மேல போட்ட கணக்குல ஆயிரக்கணக்கான டன் கான்கிரீட் செய்யற வேலையை, நூறு டன்னைக் கொஞ்சம் தாண்டின ஒரு இரும்பு டம்ளர் செய்யுது. 2024-ல் பெரிய பராமரிப்புக்காக அந்த ஐந்தையும் சங்கிலியைக் கழட்டி நார்வேக்கு இழுத்துக்கிட்டுப் போனாங்க. நங்கூரம் மட்டும் கடலடியிலேயே காத்துக்கிட்டு இருந்துச்சு. 2023-ல் வந்த ஹைவிண்ட் டாம்பென் இன்னும் கெட்டிக்காரத்தனம். பதினோரு காற்றாலைக்கு முப்பத்து மூணு நங்கூரம் வேணுமில்லையா? பக்கத்துப் பக்கத்துக் காற்றாலைகள் ஒரே நங்கூரத்தைப் பங்கு போட்டுக்கிட்டு 19-லேயே முடிச்சுட்டாங்க.

டம்ளர் எப்படிப் பிடிக்குதுன்னு எங்க ஊர் ஏரிக்கரை சேத்துல கால் வெச்சவங்களுக்கு உடனே புரியும். காலை வெடுக்குனு இழுத்தா வராது, செருப்பு அறுந்து உள்ளேயே நிக்கும். மெதுவா இழுத்தா காலைச் சுத்தித் தண்ணி உள்ளே வந்து சேறு விட்டுடும். உறிஞ்சு நங்கூரமும் அப்படியே. அலையோட வெடுக் இழுப்புக்கு நல்லாப் பிடிக்கும். விடாம மேல் நோக்கி இழுத்துக்கிட்டே இருந்தா மெல்லத் தண்ணி புகுந்து பிடி தளரும். களியில இது நடக்க நெடுநாள் ஆகும், மணல்ல சீக்கிரம் ஆகும். பாருங்க, எங்க சுத்தினாலும் கடைசியில மண்ணுலதான் வந்து நிக்கிறோம்.

*

2018 நவம்பர்ல கஜா புயல் நாகப்பட்டினம் வேதாரண்யம் நடுவுல கரையைக் கடந்து, நேரா எங்க மலை வரைக்கும் வந்துச்சு. கொடைக்கானல் மலைச் சாலையெல்லாம் மரம். பல மரம் நடுவுல முறியலை. வேரோட, வேரைப் பிடிச்சிருந்த மண்ணோட, வட்டமா பேத்துக்கிட்டுச் சாஞ்சிருந்துச்சு. மரத்துக்குப் பலம் இல்லாம இல்லை. ஊறிப்போன மண்ணுக்குப் பலம் இல்லை. நங்கூரமும் பெரும்பாலும் இப்படித்தான் தோக்கும். இரும்பு உடையாது, மண்ணு விட்டுடும்.

இதுக்கு உலகம் கொடுத்த விலை உயர்ந்த பாடம் ஆஸ்திரேலியாவுல நடந்துச்சு. 1980-களின் தொடக்கத்துல நார்த் ராங்கின் எரிவாயு மேடைக்குக் கடலடியில தூண் இறக்கினாங்க. மணல்னு நினைச்சு வழக்கமான கணக்கைப் போட்டிருந்தாங்க. அது சிப்பியும் பவளமும் நுண்ணுயிர் ஓடும் நொறுங்கிச் சேர்ந்த சுண்ணாம்பு மணல். ஒவ்வொரு துகளும் உள்ளுக்குள்ள வெற்றிடம் உள்ள ஓடு. தூண் உரசினதும் துகள் நொறுங்கி, பிடிமானமே இல்லாமப் போச்சு. அடிச்சு இறக்க வேண்டிய தூண் தன் எடையிலேயே பல பத்து மீட்டர் சரசரன்னு உள்ளே போயிடுச்சு. அப்புறம் பெரும் பணம் செலவழிச்சு அடித்தளத்தைப் பலப்படுத்த வேண்டியதாச்சு. சுண்ணாம்பு மணல் பத்தின இன்னைக்கு அறிவுல பெரும்பங்கு அந்த அடியில இருந்து கத்துக்கிட்டது.

இதை எதுக்குச் சொல்றேன்? மன்னார் வளைகுடாவுல 21 தீவுகள், சுத்தியும் பவளப் பாறைகள். நம்ம தூத்துக்குடி மீனவர்கள் கடல் தரையைப் பேசும்போது "பார்"னு ஒரு சொல் சொல்வாங்க. பாறைத்திட்டுத் தரைன்னு அர்த்தம். முத்துக் குளிச்ச இடமெல்லாம் முத்துப் பார். பார் எங்க, மணல் எங்க, சேறு எங்கன்னு அவங்க தலைக்குள்ள ஒரு வரைபடமே இருக்கு. ஒரு இடத்துல பார், கொஞ்ச தூரத்துல சுண்ணாம்பு மணல், அதைத் தாண்டி ஆழத்துல மெத்துனு களி. நார்வேக் களிமண்ணுக்குப் போட்ட டிசைனை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணிக் கொண்டு வந்து இங்க இறக்க முடியாது. நம்ம தொழில்ல வேணா கூகுள்ல கிடைச்ச கோடை ஒட்டலாம். ஓடலைன்னா பழசுக்குத் திரும்பிக்கலாம். கடலடியில ரோல்பேக் கிடையாது சாமி.

*

இப்ப நிறையப் பேருக்குத் தெரியாத நம்ம ஊர்க் கதை.

மிதக்கிற மின் நிலையம் நமக்குப் புதுசு இல்லை. சென்னையில இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2000-களின் தொடக்கத்துலேயே தூத்துக்குடிக் கடல்ல ஒண்ணை நிறுவப் பார்த்துச்சு. பேர் சாகர் சக்தி. கடலோட மேல் தண்ணி சூடு, ஆயிரம் மீட்டர் ஆழத்துத் தண்ணி குளிர்ச்சி. இந்த வித்தியாசத்தை வெச்சு அமோனியாவை ஆவியாக்கி டர்பைன் சுத்தற நுட்பம். ஓடெக்னு சொல்வாங்க. 1 மெகாவாட். ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தோட சேர்ந்து செஞ்ச வேலை. மிதக்கிற மேடையில இந்த அளவு ஓடெக்கை முயற்சி பண்ணின நாடுகளை விரல் விட்டு எண்ணிடலாம்.

டர்பைன் காலை வாரலை, அமோனியாவும் வாரலை. மேடையில இருந்து ஆழத்துக்குத் தொங்க வேண்டிய ஒரு மீட்டர் விட்டக் குளிர்நீர்க் குழாய்தான் வாரிடுச்சு. அதைக் கடல்ல இறக்கி நிலைநிறுத்தறதுல தோல்வி. திட்டம் அதோட முடிஞ்சது.

ஆனா அந்த ஆட்கள் விட்டுடலை. அதே மேடையை எடுத்து, 2007 ஏப்ரல்ல சென்னைக்கு 40 கிலோமீட்டர் வெளியே, ஆயிரம் மீட்டர் ஆழத்துல கட்டி நிறுத்தினாங்க. 600 மீட்டர் நீளக் குழாய். இந்தத் தடவை மின்சாரம் இல்லை, கடல்நீரைக் குடிநீராக்கறது. நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர் அளவு. வேலை செஞ்சது! ஆயிரம் மீட்டர் ஆழத்துல ஒரு மேடையைக் கட்டிப் போட்டு, கீழே குழாயையும் தொங்க விட்டு ஓட்டிக் காட்டினது நம்ம ஊர் இன்ஜினியர்கள். போதாததுக்கு 1997-லேருந்து வங்கக் கடல்லயும் அரபிக் கடல்லயும் ஆழத்துல மிதவைகளைக் கட்டி விட்டு, புயலுக்கு நடுவுல அலையையும் காத்தையும் அளந்துக்கிட்டு வர்றாங்க.

இந்த அனுபவத்தோட மதிப்பு என்னன்னு யோசிங்க. முதல் தடவை எது போச்சு, எந்த வரிசையில போச்சு, 2007-ல் என்ன மாத்தினாங்க. மிதக்கும் காற்றாலைக்குச் சங்கிலியும் நங்கூரமும் டிசைன் பண்ணப் போற ஒரு பையனுக்கு இது தங்கம். ஆய்வுக் கட்டுரையில கொஞ்சம் இருக்கு. ஆனா எந்தப் பாடப் புத்தகத்துல, எந்த வகுப்புல இதைச் சொல்றோம்? நான் நாலு வருஷம் சிவில் படிச்சேன். மண்ணியல் வகுப்புல லண்டன் களிமண் வந்துச்சு, மெக்சிகோ களிமண் வந்துச்சு. தூத்துக்குடிக் கடலடி ஒரு நாளும் வரலை.

சாஃப்ட்வேர்ல ஒரு நல்ல பழக்கம் உண்டு. சர்வர் படுத்துச்சுன்னா மறுவாரம் ஒரு அறிக்கை: என்ன நடந்துச்சு, ஏன் நடந்துச்சு, இனிமே என்ன செய்வோம். யார் தப்புன்னு பேர் போட மாட்டாங்க. எல்லாரும் படிப்பாங்க. ஒருத்தன் விழுந்த குழியில அடுத்தவன் விழ மாட்டான். ஒரு வெப்சைட் பத்து நிமிஷம் படுத்ததுக்கே இவ்வளவு பண்றோம்.

*

இதெல்லாம் காசு விஷயம் மட்டும்னா நான் இவ்வளவு எழுத மாட்டேன். 2021 மே 17, டவ்தே புயல். மும்பைக்கு வெளியே எண்ணெய் வயல்ல வேலை செய்யறவங்க தங்கற பி-305ங்கிற மிதவை மேடை. உள்ளே 261 பேர். நங்கூரங்கள் பிடி விட்டு மேடை அடிச்சுக்கிட்டுப் போச்சு, ஒரு எண்ணெய் மேடையில மோதி, கடைசியில மூழ்கிடுச்சு. கடற்படை உயிரைக் கொடுத்து மீட்டும், அறுபதுக்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. புயல் எச்சரிக்கை வந்தும் ஏன் அங்க நின்னாங்கங்கறது தனிக் கேள்வி. ஆனா ஒரு மிதவைக்கும் பேரழிவுக்கும் நடுவுல இருக்கிறது அந்தப் பிடி மட்டும்தான்.

காற்றாலையில ஆள் தங்கறதில்லை, சரி. ஆனா சில ஆயிரம் டன் எடையுள்ள ஒண்ணு அறுத்துக்கிட்டு வந்தா அதோட வழியில யார் இருப்பா? 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் கன்னியாகுமரிப் பக்கம் எவ்வளவு வேகமா வலுத்துச்சு, எத்தனை மீனவக் குடும்பம் இன்னும் அந்த நாளைச் சுமக்குதுன்னு தெரியும். அதே கடல்தான் இது.

*

வழக்கமா வர்ற எதிர்வாதங்களை நானே எடுத்து வெச்சுடறேன்.

"மிதக்கிறதெல்லாம் ரொம்ப தூரம்ப்பா, முதல்ல கரையோரம் ஊன்றுங்க." சரிதான், முதல்ல ஊன்றுங்க. ஆனா மண் ஆய்வுங்கறது கப்பல் எடுத்துப் போய், கடலடியில துளை போட்டு, மாதிரி எடுத்து, பரிசோதனைக் கூடத்துல மாசக்கணக்குல சோதிக்கிற வேலை. பத்து வருஷம் கழிச்சு வேணும்னா இன்னைக்கே ஆரம்பிச்சாதான் உண்டு.

"நங்கூரத்தை நார்வேகாரன்கிட்ட வாங்கிக்கலாம்." வாங்கலாம். டர்பைனையும் வாங்கலாம், சங்கிலியையும் வாங்கலாம். மண்ணை வாங்க முடியுமா? அது நம்மளுது, நாமதான் படிக்கணும்.

"தகவலை ஏன் பொதுவுல வைக்கணும்? டெண்டர் எடுக்கறவன் பார்த்துக்குவான்." எனக்கு ஒத்துக்க முடியாத வாதம் இதுதான். நெதர்லாந்துல அரசாங்கமே கடலடி மண்ணை ஆய்வு பண்ணி, டெண்டருக்கு முன்னாடியே முழு அறிக்கையையும் இணையத்துல இலவசமா போடுது. போட்டிக்கு வர்ற எல்லாருக்கும் ஒரே தகவல். அடியில என்ன இருக்குன்னு தெரியாத இடத்துல கம்பெனிக்காரன் ஒண்ணு வரவே மாட்டான், இல்லேன்னா பயத்துக்கு ஒரு விலையைச் சேர்த்துப் போடுவான். ரெண்டுலயும் காசு நம்ம கரண்ட் பில்லுலதான் வந்து விழும். 7,453 கோடியும் நம்ம வரிப்பணம்தானே? அந்தக் காசுல போடற ஒவ்வொரு துளையோட முடிவும் கல்லூரிப் பசங்களுக்கும் தெரியணும், மீனவ சங்கத்துக்கும் தெரியணும்.

மீனவர்னு வந்ததால இன்னொண்ணு. நங்கூர வகை அவங்க பொழைப்பையும் தீர்மானிக்கும். தொய்வா விட்ட சங்கிலின்னா கடல் தரையில சில நூறு மீட்டர் சுத்தளவுக்குப் படுத்துக் கிடக்கும், அங்க அடிவலை இழுக்க முடியாது. விறைப்பாக் கட்டினா இடம் கம்மி, ஆனா மேல் நோக்கி இழுப்பு வரும், அதைத் தாங்கற விலை கூடின நங்கூரம் வேணும். விலை கம்மியான நங்கூரத்தைத் தேர்ந்தெடுத்தா, அந்த மிச்சத்தை மீனவன் தன் வலையில கொடுக்கிறான். இது வெறும் இன்ஜினியரிங் முடிவா? அவங்களையும் உக்கார வெச்சுப் பேசி எடுக்க வேண்டிய முடிவு. பார் எங்க இருக்குன்னு சொல்லப் போறதும் அவங்கதான்.

கடைசியா ஒண்ணு. காத்தைப் படிக்கிற தேசியக் காற்று ஆற்றல் நிறுவனமும், கடலைப் படிக்கிற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் சென்னைப் பள்ளிக்கரணையில ஒரே வேளச்சேரி - தாம்பரம் சாலையில இருக்கு. கொஞ்ச தூரத்துல ஐஐடி, அங்க கடல் பொறியியலுக்குன்னு தனித் துறையே இருக்கு. இவ்வளவு மூளை ஒரு பஸ் ரூட்டுல கிடைக்கிற ஊரு உலகத்துல எத்தனை இருக்கும்? நான் கேக்கறது மூணுதான். மன்னார் வளைகுடாவோட கடலடி மண் தகவல் திறந்த கிடங்கா இணையத்துல வரட்டும். சாகர் சக்தியோட முழுக் கதை, தோத்ததும் ஜெயிச்சதும், பாடமா வரட்டும். 7.9 கோடி இழுப்புக்கு நம்ம மண்ணு என்ன பதில் சொல்லுதுன்னு சோதிக்க நாலு பசங்களுக்கு உதவித்தொகையோட வேலை கொடுங்க. காத்தாடி விலையில இதெல்லாம் கொசுறு.

சிவில் படிச்சுட்டு என்னை மாதிரி ஜாவா தட்டிக்கிட்டிருக்கிற மக்கா நிறையப் பேர் இங்க இருக்கீங்கன்னு தெரியும். கடலோர ஊர்க்காரங்களும் இருக்கீங்க. உங்க ஊர்ப் பக்கம் கடல் தரையைப் பத்தி உங்க அப்பா, சித்தப்பா, தாத்தா என்ன பேர் சொல்லி, என்ன அடையாளம் சொல்லிப் பேசுவாங்க? பின்னூட்டத்துல எழுதுங்க, இல்ல தனிப்பதிவாவே போடுங்க. அரசாங்கம் வரைபடம் போடற வரைக்கும் நம்மளாவது ஒரு பட்டியல் சேர்த்து வைப்போம்.